வேலை எடுக்கும் முன் ஒரு தாள் எழுதுவோம்

(அரியாங்குப்பத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் தையல் குழு சார்பாகப் பேசியது)



முதலில் ஒரு கேள்வி. நம்ம குழுவில் ஒருத்தி 500 ரூபாய் உள்கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் எழுதாமல் கொடுக்க மாட்டோம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து 25,000 ரூபாய்க்கு வேலை சொன்னால், "சரிங்கண்ணே, முடிச்சுத் தர்றோம்" என்று வாயாலேயே ஒத்துக்கொண்டு, அன்றைக்கே துணியை வெட்ட உட்காருகிறோம்.

நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்தோம். 2023 மே மாதம். 150 ஜோடி சீருடை, ஜோடிக்கு 160 ரூபாய் கூலி. வேலை கொடுத்தது யார் என்று இங்கே சொல்ல வேண்டாம். துணி அவர்களுடையது. மொத்தம் 24,000. அட்வான்ஸ் 5,000 போக பாக்கி 19,000. ராத்திரி பகலாகத் தைத்து, சொன்ன நாளில் கொடுத்துவிட்டோம். அப்புறம்தான் பேச்சு மாறிச்சு. பட்டனும் நூலும் கூலியிலேயே சேர்த்தி என்றார்கள். பாக்கெட்டில் பேட்ஜ் வைத்துத் தைத்ததற்குத் தனிக் காசு கிடையாது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, முப்பது சட்டை அளவு சரியில்லை, அதைக் கழிச்சுக்கறோம் என்றார்கள். அளவு எடுத்துக் கொடுத்ததே அவர்கள்தான்! அதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. எட்டு மாதம் நடையாய் நடந்து 12,500 வாங்கினோம். மிச்சம் 6,500 வரவே இல்லை.

நமக்குப் பணம் வரவில்லை என்று வங்கி காத்திருக்குமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தவணை கட்டினோம். ஒருத்தி தோட்டை அடகு வைத்தாள். இன்னொருத்தி குழுவை விட்டே போய்விட்டாள். எங்களில் நல்லா காஜா எடுப்பவள் அவள்தான்.

வாயால் பேசினாலும் அது ஒப்பந்தம்தான். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சைத் தள்ளிவிடவில்லை. ஆனால் எதிராளி "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால், சொன்னார் என்று காட்ட வேண்டியது நாம்தான். சாட்சிக்கு எங்கே போவது?

அதற்கப்புறம் தாள் இல்லாமல் வேலை எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். பெரிய பத்திரம் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு பக்கம். அடுத்து வந்த பை ஆர்டருக்கு இப்படி எழுதினோம்: "500 துணிப் பை. துணி உங்களுடையது. நூலும் தையலும் எங்களுடையது. மாதிரிப் பையில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். டிசம்பர் 5ஆம் தேதி தருவோம். கூலியில் பாதி முன்பணம், மீதி சரக்கு வாங்கிய 15 நாளுக்குள் குழுவின் வங்கிக் கணக்கில். வெட்டிய பிறகு மாற்றம் சொன்னால் அதற்குத் தனிக் கூலி." இரண்டு நகல், இரண்டு பக்கமும் கையெழுத்து. குழு சார்பில் யார் கையெழுத்துப் போடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அந்த ஒருத்தி தலையில்தான் எல்லாம் விழும்.

அதிலும் ஒன்றை விட்டுவிட்டோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கும். மிஷின் வைத்த அறைக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை. டிசம்பர் 5 எப்படி முடியும்? ஆர்டர் கொடுத்தவர் நல்ல மனுஷன், பொறுத்துக்கொண்டார். இப்போது "புயல், வெள்ளம் வந்தால் பத்து நாள் கூடுதல்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். தாள் அவங்களுக்கும் பாதுகாப்புதான். நாம் நாள் தவறினால் அதே தாளைக் காட்டி அவங்க கேட்கலாம்.

"எழுதிக் கேட்டா கோவிச்சுக்குவாங்களே" என்று பல பேர் தயங்குகிறீர்கள். எங்களுக்கும் முதல் தடவை நாக்கு எழவில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்க: "அண்ணே, குழுக் கணக்கைத் தணிக்கை பண்றாங்க, தாள் இல்லாம வரவு வைக்க முடியாது." பொய்யும் இல்லை, யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை. அப்படியும் எழுத மறுத்தால், பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதெல்லாம் படிச்சவங்க பழக்கம், நமக்கெதுக்கு என்கிறார்கள் சிலர். நம்ம ஊர் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது ரோம் நாட்டு மதுச் சாடிகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அந்தக் கடல் வியாபார காலத்து ஒப்பந்தத் தாள் ஒன்று வியன்னா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, மேற்குக் கரையில் முசிறியிலிருந்து போன சரக்குக்கானது. சரக்கை யார் பொறுப்பில் கொண்டு போவது, கடன் அடைக்காவிட்டால் சரக்கை யார் எடுத்துக்கொள்வது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றி முக்கியமாக ஒன்று. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி, எழுத்தில் நாள் குறித்திருந்தால் அதற்குள் பணம் தர வேண்டும். அந்த நாளும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி. சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அந்த முப்பது சட்டை விஷயத்தில் இது எங்களுக்குத் தெரியாமல் போச்சு. தெரிந்திருந்தாலும் அப்போது நாங்கள் உத்யம் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பணம் இழுத்தடிக்கப்பட்டால் எங்கே, எப்படி மனுக் கொடுப்பது என்று தட்டாஞ்சாவடி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பொதுவாகப் பணம் வர வேண்டிய நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதனால் பில் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் தாளின் மாதிரியைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். சமையல் ஆர்டர் எடுக்கும் குழுக்கள் ஆள் கணக்கு, காய்கறி விலை ஏறினால் என்ன, விசேஷம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன என்ற மூன்றையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று அடுத்த கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். பாக்கி நிற்கிற குழுக்கள் சலான், பில், ஃபோனில் வந்த செய்தி, கையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள்.