இரும்புக்கு அடியில் பருத்தி

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுவதும் அலுவலகத்தில் கணினி தட்டிய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரும்புச் சட்டை மாட்டிக்கொள்கிறார்கள். தலையில் கம்பி வைத்த இரும்புக் கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். சண்டை முடிந்ததும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். பார்க்கிற பெரியவர்கள், "இது என்னடா கூத்து?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இந்தக் கூத்துக்கு வயது ஏறக்குறைய 60. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரில், இடைக்கால ஐரோப்பாவின் மீது காதல் கொண்ட நண்பர்கள் சிலர் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கூடி விளையாடினார்கள். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது இரும்பு வாள் அல்ல, பிரம்பு. ஆமாம், சிலம்பம் ஆடுகிறவர்கள் எடுக்கும் அதே பிரம்பு. மூங்கில் உடைந்தால் சிம்பு சிம்பாகக் கூர்மையாகப் பிளக்கும். பிரம்பு நார்நாராக நசுங்குமே தவிர ஈட்டியாக மாறாது. அடி நன்றாக விழுந்ததா இல்லையா என்பதை அங்கே அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். நடுவர் கையில் கொடுக்காமல் அவரவர் மனச்சாட்சியிடம் கொடுத்த தீர்ப்பு. விளையாட்டு உலகில் இது அபூர்வம்.

இன்னொரு வகை இதைவிட முரட்டுத்தனமானது. 2010இல் உக்ரைனின் கோட்டின் கோட்டையில், நாடுகளுக்கு இடையிலான இடைக்காலப் போர்ப் போட்டி முதன்முறையாக நடந்தது. இதில் ஆயுதம் உண்மையான எஃகு. முனை மழுக்கப்பட்டிருக்கும், குத்தக்கூடாது. ஆனால் வெட்டலாம், தள்ளலாம், மல்லுக்கட்டித் தரையில் சாய்க்கலாம். விழுந்தவர் அந்தச் சுற்றில் அவுட். இவர்கள் உடம்பில் 25, 30 கிலோ இரும்பு இருக்கும்.

சிங்கப்பூரிலும் பழைய ஐரோப்பிய வாள்வித்தையைப் புத்தகம் வைத்துப் பயிலும் குழுக்கள் 2000களிலிருந்தே உண்டு. அவர்கள் பெரும்பாலும் வாள்சண்டை முகமூடியும் தடித்த சட்டையும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. இந்தத் தீவின் வானிலைதான் காரணம். திரைப்படமும் கணினி விளையாட்டும் பார்த்துவிட்டு, முழு இரும்பில் இறங்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்காகத்தான் இன்றைய பேச்சு. ஆசையைத் தடுப்பது இதன் நோக்கம் இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் தலைகீழாகப் போகிறார்கள்.

கவசம் என்றதும் எல்லோரும் தகட்டைப் பார்க்கிறார்கள். அடி வாங்குகிறவனுக்குத்தான் தெரியும், உயிரைக் காப்பது தகட்டுக்கு அடியில் இருக்கிற துணி என்று. அதே துணி, நம் ஊர் வெயிலில் உயிரை வாங்கவும் செய்யும். இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் கடன் அட்டையை எடுக்கக் கூடாது.

முதலில் சுமையைப் பார்ப்போம். 2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அங்குள்ள அரச ஆயுத அருங்காட்சியகத்தில் கவசம் அணிந்து சண்டை செய்து காட்டும் அனுபவசாலிகளை ஓடும் பட்டையின் மேல், அதாவது டிரெட்மில்லில், நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். உடம்பில் 15ஆம் நூற்றாண்டுக் கவசத்தின் மறுபதிப்பு. எடை 30 முதல் 50 கிலோ. நடப்பதற்கும் ஓடுவதற்கும் செலவான சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. அதே எடையை முதுகுப்பையில் சுமந்தால் இவ்வளவு செலவு இல்லை. ஏன்? காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டும். அத்தோடு மார்புத் தகடு விலா எலும்பை விரிய விடுவதில்லை. ஆழமாக மூச்சு இழுக்க முடியாமல், குட்டிக் குட்டி மூச்சாக வேகமாக வாங்கினார்கள்.

இது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே பகல் வெப்பம் 31, 32 டிகிரி. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முக்கிய வழி வியர்வை காய்வது. பஞ்சுச் சட்டை, அதன் மேல் வளையச் சட்டை, அதன் மேல் தகடு என்று மூடிவிட்டால் வியர்வை எங்கே காயும்? வழிந்து கால் செருப்பில்தான் சேரும். வழிகிற வியர்வை ஒரு பைசாவுக்குக் குளிர்ச்சி தராது.

வரலாற்றில் இதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் உண்டு. 1187 ஜூலை 4ஆம் தேதி, ஹத்தீன் என்ற இடத்தில் சிலுவைப் போர்ப் படை சலாவுதீனிடம் தோற்றது. கோடை வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை, எதிரிகள் காய்ந்த புல்லில் வைத்த தீயின் புகை, உடம்பிலோ இரும்பு. வாளுக்கு முன்னால் தாகம் அவர்களை வீழ்த்திவிட்டது. நம் பக்கத்து வீடான மலாக்காவுக்கு வாருங்கள். 1511இல் போர்த்துக்கீசியர் முதல் தாக்குதலில் பாலத்தைப் பிடித்தும், வெயிலிலும் களைப்பிலும் சோர்ந்து மாலையில் கப்பலுக்குத் திரும்பினார்கள். நகரம் வீழ்ந்தது அடுத்த தாக்குதலில்தான்.

அப்படியென்றால் வெயில் நாட்டில் பிறந்த நம் முன்னோர் என்ன அணிந்தார்கள்?

கவசம் நமக்குப் புதிதல்ல. உடலை மறைத்துக் காப்பது என்ற பொருளில் மெய்ம்மறை என்றே சங்கத் தமிழில் சொல் இருக்கிறது. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் யானை மேல் வரும் சோழ மன்னன் ஒருவன் புலித்தோல் கவசம் பூண்டிருக்கிறான். அம்புகள் பாய்ந்து அது கிழிந்திருக்கிறது. கவனியுங்கள், மன்னனுக்கே தோல்தான். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், குதிரை வீரர்களின் உடையை வர்ணித்திருக்கிறார். உறுதியான தோலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த சட்டை, அதில் பதித்த இரும்புத் தகடுகள், சிலருக்கு அந்தத் தகட்டில் தங்கப் பூச்சு, தலையில் கழுத்தை மறைக்கும் தொப்பி. இரும்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தார்கள். எஃகு உருக்கத் தெரியாத நாடா நம்முடையது? கொடுமணலில் தோண்டினால் இரும்பு உருக்கிய உலைகள் வருகின்றன. தெரிந்தும் உடம்பை முழுக்க மூடாமல் விட்டதில் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பியரும் துணியின் அருமை தெரியாதவர்கள் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சு மன்னர் பதினோராம் லூயி தம் காலாட்படைக்குப் போட்ட உத்தரவில், துணியை 25 அல்லது 30 மடிப்பாக வைத்துத் தைத்து, மேலே மான்தோல் போர்த்திய சட்டை வேண்டும் என்று இருக்கிறது. காம்பெசன் என்று இன்றைய விளையாட்டுக்காரர்கள் சொல்லும் பஞ்சுச் சட்டை இந்த இனம்தான். தகடு அடியைத் தடுக்கும், ஆனால் அதிர்ச்சியை உள்ளே அனுப்பிவிடும். அந்த அதிர்ச்சியைத் தின்பது துணி.

ஆகையால் ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்கு முதல் செலவு தையற்கூலியாக இருக்கட்டும். தேக்கா சந்தையின் மாடிக்குப் போனால், ரவிக்கையை அரை அங்குலம் பிசகாமல் தைக்கிற தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பருத்தித் துணியும் நல்ல நூலும் சிராங்கூன் சாலையில் கிடைக்காதா என்ன? செயற்கை இழைப் பஞ்சு வேண்டவே வேண்டாம், அது வெந்நீர்ப் பை. பருத்தியோ லினனோ பல அடுக்கு வைத்து, நெருக்கமாகக் கோடு கோடாகத் தைக்கச் சொல்ல வேண்டும். அக்குளில் தைக்காமல் திறந்து விடச் சொல்ல வேண்டும். கை தூக்கவும் வசதி, காற்று போகவும் வழி. அளவு எடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து காட்டுவது அவசியம். கவசம் நின்றுகொண்டிருப்பதற்கு அல்லவே. இரும்பின் அளவை இந்தச் சட்டை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். முதலில் இரும்பை வாங்கிவிட்டு, துணி உள்ளே நுழையவில்லை என்று வருந்துவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

அடுத்தது வளையச் சட்டை. வீவக வீட்டில் தகடு அடிக்க முடியுமா? சுத்தியல் சத்தம் பத்து நிமிடம் கேட்டால் கீழ் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார், அது அவருடைய உரிமை. ஆனால் வளையம் கோப்பது சத்தமில்லாத வேலை. கம்பியை ஒரு தடியில் சுருள் சுருளாகச் சுற்றி, வெட்டி, ஒவ்வொரு வளையத்திலும் நான்கு வளையங்களை மாட்டி, இரண்டு குறடுகளால் மூடிக்கொண்டே போக வேண்டும். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஒரு சட்டைக்கு 20,000 வளையத்துக்கு மேல் போகும் என்பதால் எத்தனை தொடர் முடியும் என்று சொல்ல முடியாது. வெறுமனே மூடிய வளையம் பலமான அடியில் வாய் பிளக்கும். முனையைத் தட்டி, துளையிட்டு, சிறு ஆணி அடித்து மூடியதுதான் தாங்கும். கையால் அப்படிச் செய்த சட்டைகள் இந்தியாவிலிருந்துதான் உலகச் சந்தைக்கு ஏராளமாகப் போகின்றன. 1940களில் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி கத்தி செய்து தரத் தொடங்கிய டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம், இன்று ஐரோப்பிய வாளும் கவசமும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. வெள்ளைக்கார வீரர் வேடத்துக்கு இரும்பு தட்டுவது நம் ஊர்க் கை என்பதில் சின்னப் பெருமை கொள்ளலாம்.

தலைக்கவசத்தில் மட்டும் கைவேலை, சிக்கனம், சோதனை எதுவும் வேண்டாம். தேர்ந்தவரிடம் வாங்க வேண்டும். பிரம்புச் சண்டைக்கே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு கேட்கிறார்கள். முகக் கம்பிகளுக்கு இடையே ஓர் அங்குலக் கோல் நுழையக் கூடாது. உள்ளே அடர்த்தியான மெத்தை வேண்டும். இத்தனை இருந்தாலும், இரும்பு மண்டை ஓட்டைத்தான் காக்கும். மூளை உள்ளே குலுங்குவதை முழுவதும் தடுக்காது. அடிபட்டுத் தலை சுற்றினால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். வாள் வகைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் காவல்துறை விதிகளைக் கேட்டுக்கொள்வதும் முக்கியம்.

பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. இதைக் கற்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அலகுக் காவடி எடுப்பவர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இரும்புச் சட்டத்தைத் தாங்கி நடக்கிறார். நேர்த்திக்கடனையும் விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பொருத்திக் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சுமை தோளில் மட்டும் உட்காரக் கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இடுப்புப் பட்டையை அத்தனை முறை இறுக்கிப் பார்க்கிறார்கள். வளையச் சட்டைக்கும் அதே வித்தை. இடுப்பில் ஒரு வாரை இறுகக் கட்டி, சட்டையைச் சற்று மேலே தூக்கி விட்டால், தோளின் பாரம் பாதியாகக் குறைந்தது போல் இருக்கும்.

இனி வெயில். தேசிய சேவை செய்த பிள்ளைகளுக்கு வாட்டர் பரேட் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டாம். தாகம் எடுக்கும்முன் குடிப்பது, வெயிலின் கடுமையை அளந்து ஓய்வு நேரத்தைக் கூட்டுவது, முன்கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைப்பது என்று ராணுவம் வைத்திருக்கும் முறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சண்டை இரண்டு மூன்று நிமிடம், ஓய்வு அதைப்போல் பல மடங்கு. ஓய்வு என்றால் தலைக்கவசமும் கையுறையும் கழற்றிய ஓய்வு. முடிந்தால் குளிரூட்டிய அரங்கில், இல்லையென்றால் மாலை சாய்ந்த பிறகு.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத் தாக்கு. உயிர் போகும் விஷயம். சாதாரண விளையாட்டில் ஆட்டக்காரரின் முகம் சிவப்பதையும் கண் செருகுவதையும் மற்றவர் பார்த்துவிடலாம். இங்கே முகம் இரும்புக்குள் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பேச்சுக் கொடுக்க வேண்டும். "உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை?" பதில் குழறினாலோ, தேவையில்லாமல் எரிந்து விழுந்தாலோ, கால் தடுமாறினாலோ காத்திருக்கக் கூடாது. வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லவும் கூடாது. வியர்க்கும்போதே இது வரும். தலைக்கவசத்தை முதலில் எடுத்து, 995ஐ அழைத்து, மற்றதையெல்லாம் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாரை அவிழ்க்க நேரமில்லை என்றால் வெட்டிவிடலாம். அழகான தோல் வார்தான், என்ன செய்வது?

இதற்காகவே கவசம் செய்யும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்வது நல்லது. அணிந்தவர் அசையாமல் படுத்திருக்க, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றுகிறார் என்று கடிகாரம் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட கவசம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கொக்கிகள் விலாப்புறத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. சாதாரண எஃகு இந்த ஈரக்காற்றில் ஒரே இரவில் துருவேறிவிடும். துடைத்து, இயந்திர எண்ணெய் லேசாகப் பூசி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசினால் சிக்கு வாடை வரும், அம்மா வெளியே வைக்கச் சொல்லிவிடுவார். பழைய காலத்தில் வளையச் சட்டையை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துரு எடுத்தார்களாம். அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. பஞ்சுச் சட்டை காய இரண்டு நாள் பிடிக்கும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டும்போது இரண்டு கவ்விகள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், நனைந்தால் அது நல்ல கனம்.