மரம் நின்றால்தான் மலை குளிரும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"முந்தி மாதிரி குளிர் இல்லீங்க, பீலியிலயும் தண்ணி கொறஞ்சு போச்சு" என்று லயத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். இதற்குக் காரணம் வானத்தில் மட்டும் இல்லை, நாம் மிதிக்கும் மண்ணிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நமது மலைகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடு. வெள்ளைக்காரர் காலத்தில் கோப்பிக்காக அந்தக் காடு வெட்டப்பட்டது. 1870களில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. அதில் வேலை செய்யத்தான் நமது முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, கால்நடையாக மலையேறி வந்தார்கள். 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பிறகு அந்த இடத்தைப் பிடித்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவர அறிஞர், 5000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்குத் தண்ணீர் தரும் ஹோட்டன் சமவெளிக் காடு அப்படித்தான் தப்பியது.

காடு போனால் காலநிலை ஏன் மாறுகிறது? மரம் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. நமக்கு வேர்வை காயும்போது உடம்பு குளிருமே, அதே மாதிரி மலையும் குளிர்கிறது. உயரமான காட்டில் மூடுபனி இலையில் பட்டு, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். மழை நீரையும் காட்டு மண் பஞ்சு போலக் குடித்து வைத்து, கோடையில் ஊற்றாகத் தருகிறது. வெறும் மண்ணுக்கு அந்தக் குணம் இல்லை. வெயிலில் சுடும், மழையில் கரைந்து ஓடும். மரத்தை எரித்தால் அதிலுள்ள கரியும் காற்றில் கலந்து உலகச் சூட்டைக் கூட்டும்.

இது நம் சோற்றுப் பிரச்சினையும்தான். 2015இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 329 மில்லியன் கிலோ. 2016இல் அது சுமார் 293 மில்லியனாகக் குறைந்தது. அந்த ஆண்டு வந்த வரட்சியும் அதற்கு ஒரு காரணம். கொழுந்து இல்லாவிட்டால் வேலை நாளும் குறையும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாலு மரம் நட்டால் உலகச் சூடு இறங்கிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் நம் மலையின் சூட்டையும் நம் பீலியின் தண்ணீரையும் காப்பாற்ற நம்மால் முடியும்.

தை, மாசி வெயிலில் மானாப்புல்லுக்கு யாரும் நெருப்பு வைக்கக் கூடாது. ஒரு தீக்குச்சி பல வருடத்து மண்ணைச் சுட்டுவிடும். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு, முள்முருங்கை மரங்களை விறகுக்காக வெட்டாதீர்கள். "அப்போ அடுப்புக்கு என்னங்க செய்யிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கவ்வாத்து மிலாறில் தடித்த குச்சியை அடுப்புக்கு எடுங்கள். இலையையும் சிறு குச்சியையும் மண்ணுக்கே போர்வையாக விட்டுவிடுங்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் டர்பன்டைன் மரம் வேண்டாம், அது தண்ணீரை நிறையக் குடிக்கும். அங்கே நாட்டு மரங்களை நடுவோம். கான்களில் குப்பை போடாமல் இருப்போம்.

லயத்துத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பலாக்கன்றோ கொய்யாக் கன்றோ நடுங்கள். நிழலும் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பழமும் கிடைக்கும். வருகிற மழைக்கு முன்பே குழி வெட்டி வைத்துவிடுங்கள்.