நூறாவது மேட்ச்ல ரெட் கார்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு கோல் அடிச்சவங்களைப் பத்திப் பேசப் போறதில்லை.

2017 அக்டோபர் 8. ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கடைசி மேட்ச், எதிரணி ஸ்காட்லாந்து. ஸ்லோவேனியாவின் சென்டர் பேக் ஒருத்தருக்கு அன்னைக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். அந்த நாட்டில் அதுக்கு முன்னாடி யாரும் நூறைத் தொட்டதில்லை. பேர் போஷ்ட்யான் சேசர். அவங்க மொழியில் அதைக் கிட்டத்தட்ட 'ட்சேசார்' என்று சொல்வார்கள், பேரரசர் என்று அர்த்தம். நம்ம வசதிக்கு சேசர்னே வெச்சுக்குவோம்.

ஸ்காட்லாந்து ஜெயிச்சே ஆகணும், இல்லன்னா வெளியே. முதல் கோல் அவங்களோடது. அப்புறம் மாற்று வீரராக வந்த ரோமன் பெஸ்யாக் ரெண்டு கோல் போட்டார். 88வது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்னாட்கிராஸ் சமன் செய்தார். 2-2. ஆட்டம் முடியப்போற நேரத்தில் நம்ம ஆளுக்கு ரெட் கார்டு. நூறாவது மேட்ச், 35 வயசு, தனியா நடந்து வெளியே போறார். ரெண்டு அணிக்கும் உலகக் கோப்பை இல்லை. அன்னைக்கு ராத்திரி பேசப்பட்டதும் இவர் இல்லை. ஸ்காட்லாந்து கோச் ஸ்ட்ராகன், எங்க ஆளுங்க பிறவியிலேயே குள்ளம், அதான் முடியலைங்கிற மாதிரி ஒரு காரணம் சொன்னார். செய்தி முழுக்க அதுதான்.

நான் ஞாயித்துக்கிழமை டர்ஃப்ல ஃபைவ்ஸ் ஆடுறவன். எப்பவும் பின்னாடிதான் நிப்பேன். திறமை இருக்கிறதால இல்ல, மத்தவங்க எல்லாரும் ஃபார்வர்டு ஆடணும்னு அடம்பிடிக்கிறதால. ஆறு மேட்ச்ல நான் தடுத்தது ஒண்ணு கூட எங்க வாட்ஸ்அப் குரூப்ல வந்ததில்லை. என் காலுக்கு நடுவுல பந்து போனது மட்டும் ஸ்டிக்கரா சுத்துது. சேசர் மேல எனக்கு ஈடுபாடு வந்தது இப்படித்தான்.

அவர் பிறந்தது 1982 ஜூலை 9, லூப்லியானாவில். அப்போ அது யூகோஸ்லாவியா. 1991 கோடையில் ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்தது, பத்து நாள் போர் நடந்தது. ஜூலை 7ல் ஒப்பந்தம். ரெண்டு நாள் கழிச்சு இவருக்கு ஒன்பது வயசு. மக்கள்தொகை சுமார் 20 லட்சம் இருக்கிற அந்தப் புது நாட்டுக்காகத்தான் இவர் பின்னாடி நூறு தடவை இறங்கினார்.

கிளப் வாழ்க்கை டினாமோ சாக்ரெபில் ஆரம்பம். 2005ல் பிரான்ஸின் மார்சே. பெரிய கிளப், பெரிய மைதானம், ஆனா இடம் நிலைக்கலை. 2007-08ல் லோனில் இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ராம். அந்த சீசனில் அவங்க இரண்டாம் டிவிஷன் சாம்பியன், பிரீமியர் லீகுக்கு ஏறினாங்க. இவர் அவங்களோட ஏறலை.

அடுத்தது கிரனோபிள். இங்கே கொஞ்சம் நிக்கணும். 2009-10 பிரெஞ்சு லீகில் கிரனோபிள் முதல் 11 மேட்ச்சும் தோத்தது. பதினொண்ணு! ஒவ்வொரு வாரமும் தோத்துட்டு வர்ற ஒரு டீமோட டிஃபென்டரா இருந்து பாருங்க. அதே இலையுதிர்காலத்தில், அதே ஆள், ஸ்லோவேனிய ஜெர்சியில் வேற கணக்கு வெச்சிருந்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவங்க குழுவில் 10 மேட்ச். ஸ்லோவேனியா வாங்கிய கோல் வெறும் 4.

பிளே-ஆஃபில் ரஷ்யா. 2008 யூரோ அரையிறுதி வரை போன, அர்ஷாவின் ஆடின ரஷ்யா. மாஸ்கோவில் 2-1 தோல்வி, ஆனா கடைசி நேரத்தில் பெச்னிக் போட்ட அந்த ஒரு கோல் பொன்னாச்சு. நவம்பர் 18, மரிபோரில் டெடிச் ஒரு கோல். மீதி நேரம் முழுக்க 1-0ஐக் காப்பாத்தணும். காப்பாத்தினாங்க. வெளியூர் கோல் விதிப்படி ஸ்லோவேனியா உள்ளே. ஜெயிச்சா உங்க பூட்ஸைத் துடைக்கிறேன்னு சொல்லியிருந்த பிரதமர் போருட் பாஹோர், டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து நிஜமாவே துடைச்சார். ஒரு டிஃபென்டருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மரியாதை அதுதான்னு நினைக்கிறேன்.

2010 தென்னாப்பிரிக்கா. அந்த உலகக் கோப்பையிலேயே மக்கள்தொகையில் சின்ன நாடு ஸ்லோவேனியாதான். நடுவில் சேசரும் மார்கோ ஷூலரும், பின்னாடி சமிர் ஹண்டனோவிச். அல்ஜீரியாவை 1-0 ஜெயிச்சாச்சு. அடுத்து ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் அமெரிக்கா. இடைவேளையில் 2-0 முன்னிலை. இப்படியே முடிஞ்சா அடுத்த சுற்று கிட்டத்தட்ட கையில்.

இரண்டாம் பாதி ஆரம்பிச்ச மூணாவது நிமிடம். அமெரிக்காவின் செருண்டோலோ வலதுபக்கம் நீளமா ஒரு பந்து போடுறார். சேசர் அதை வெட்ட சறுக்கிட்டுப் போறார். பந்து படலை. லேண்டன் டொனோவன் தனியா உள்ளே வர்றார், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோணமே இல்லாத இடத்திலிருந்து ஹண்டனோவிச் தலைக்கு மேலே ஓங்கி அடிக்கிறார். கீப்பர் குனியுறார். 2-1. பின்னாடி பிராட்லி சமன் செய்ய, 2-2.

சேசர் பேரை நான் முதல்ல தேடினப்போ கண்ணில் பட்டது இந்த வீடியோதான். பத்து செகண்டு. அவரோட வாழ்க்கை வரலாறே அதுதான் மாதிரி.

என் வாதம் என்னன்னா, சறுக்கி வெட்டுறது சென்டர் பேக்கோட கடைசி ஆயுதம். அது வரைக்கும் போகாம இருக்கிறதுதான் அந்த வேலை. ரெண்டு அடி முன்னாடியே நின்னா பாஸ் போகவே போகாது. போகாத பாஸுக்கு ரீப்ளே கிடையாது. அந்த 10 மேட்ச்ல வாங்காத கோல்களை எந்த வீடியோவில் காட்டுவீங்க? மறுபடியும் சொல்றேன், அந்தச் சறுக்கல் தப்புதான், நான் வக்காலத்து வாங்கலை. ஆனா தப்பை மட்டும் எண்ணுற கணக்குப் புத்தகம் எனக்குப் பிடிக்கலை.

சரி, குழுவின் கடைசி மேட்ச், ஜூன் 23. போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்திடம் டெஃபோ கோலில் 0-1 தோல்வி. இருந்தும், பிரிட்டோரியாவில் நடக்கிற அமெரிக்கா-அல்ஜீரியா மேட்ச் 0-0ல் முடிஞ்சா ஸ்லோவேனியாதான் அடுத்த சுற்று. இவங்க ஆட்டம் முடிஞ்சது. அங்கே இன்னும் ஓடிட்டிருக்கு. 91வது நிமிடம், கோல். போட்டது யாரு? டொனோவன்.

அதே வருஷம் சேசர் இத்தாலியின் கியேவோவுக்குப் போனார். வெரோனா நகரத்தின் ஒரு சின்னப் பேட்டையோட கிளப் அது, செல்லப்பேர் 'பறக்கும் கழுதைகள்'. கழுதை பறந்தாத்தான் இவங்க சீரி ஏ-வுக்கு வருவாங்கன்னு உள்ளூர் போட்டிக்காரங்க கிண்டல் பண்ண, வந்துட்டு அதையே பட்டமா வெச்சுக்கிட்டாங்க. கோப்பை கிடையாது, ஐரோப்பியப் போட்டி கிடையாது. வருஷா வருஷம் இறங்காம தப்பிக்கிறதுதான் வேலை. முன்னாடி நிக்கிறவங்க யுவென்டஸ், மிலான், நாபோலி. வருஷக்கணக்கா அங்கேயேதான் இருந்தார். எனக்கு அவரோட மொத்தக் கதையிலும் பிடிச்ச பகுதி இதுதான், ஆனா சொல்றதுக்கு எதுவுமே இல்லை. அதுதான் பிரச்சினை.

இன்னொரு ராத்திரி மட்டும் சொல்லிடுறேன். 2015 நவம்பர், மரிபோர், யூரோ பிளே-ஆஃப். உக்ரைனிடம் முதல் மேட்ச் 0-2 தோல்வி. திரும்பி ஆடும்போது 11வது நிமிடத்தில் ஸ்லோவேனியாவுக்கு கோல். அடிச்சது சேசர். இன்னும் ஒண்ணு விழுந்தா கணக்கு சமம். விழலை. இஞ்சுரி டைமில் யார்மொலென்கோ ஒண்ணு போட்டு முடிச்சு வெச்சார்.

அப்படியே லூப்லியானா, அந்த ரெட் கார்டு. நூறோட நிறுத்தலை அவர். 2018 மார்ச்சில் பெலாரூஸுடன் ஒரு நட்பு ஆட்டம், அதுதான் விடைபெறும் மேட்ச். நூத்தி ஒண்ணு.