சின்ன கார், சரியான கணக்கு



நம் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் நிற்கும் வெள்ளை மாருதி 800 என்னுடையது. "அந்த டப்பாவை எப்போ சார் தள்ளிவிடப் போறீங்க?" என்று லிஃப்டில் சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. தினமும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள், என்ன கார் வாங்கலாம் என்றும் கேட்கிறார்கள். வங்கியில் காலமெல்லாம் பேரேடு எழுதியவன் நான். கணக்காகவே பதில் சொல்கிறேன்.

2006-ல் எனக்கு மதுராந்தகம் பக்கம் மாற்றல். வீடு தாம்பரத்தில். போக ஐம்பது, வர ஐம்பது கிலோமீட்டர். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் வீட்டை மாற்ற வழியில்லை. அங்கே அறை எடுத்துத் தங்குவதா, தினமும் வீடு திரும்புவதா? அதற்காகத்தான் மூன்று வருடம் ஓடிய இந்த வண்டியை வாங்கினேன். 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் இருந்தே சாலையில் ஓடுகிற ரகம் என்பதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. உதிரி பாகமும் சுலபமாகக் கிடைத்தது. ஏழு வருடம், ராத்திரிச் சாப்பாடு அம்மாவோடுதான்.

இப்போது உங்கள் கணக்கு. தினம் 100 கிலோமீட்டர், வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 25,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் காருக்குச் சுமார் 1,390 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 12 தரும் காருக்குச் சுமார் 2,080. வித்தியாசம் 690 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 69,000 ரூபாய். இதற்கு மேல் பெரிய காரின் தவணை வட்டி, இன்ஷூரன்ஸ், டயர், தேய்மானம் எல்லாம் உண்டு.

ஆனால் நானும் ஒரு முறை கணக்கில் தப்பு செய்தேன். "ரேடியேட்டர் ஹோஸ் காய்ஞ்சு போச்சு, மாத்திடுங்க சார்" என்று மெக்கானிக் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாலை, அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று மனைவியிடமிருந்து போன். விரட்டிக்கொண்டு வந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, பானட்டிலிருந்து ஆவி வந்தது. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. மனைவி தனியாளாக ஆட்டோவில் அம்மாவைச் சேர்த்திருந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார். வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் மாற்ற வேண்டியதாயிற்று. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரத்தில் முடிந்தது. வண்டி என்னை ஏமாற்றவில்லை. நான்தான் வண்டியை ஏமாற்றினேன்.

அன்று முதல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில், கூலன்ட், டைமிங் பெல்ட், பிரேக் பேட், டயர் காற்று என்று ஒவ்வொன்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் எழுதுகிறேன். அதன் பிறகு வழியில் நின்றதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அதனால் 70-க்கு மேல் நான் போனதில்லை. இப்போது மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் எடுக்கிறேன். இந்தப் பழைய வண்டியை நெடுஞ்சாலைக்கு வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். சின்ன காராகவே வாங்குங்கள். முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளதாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு பராமரிப்புக்கு.

நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள். காபியோடு காட்டுகிறேன்.