சவுண்டல் தழையும் ஹவாய் ஆடும்

கோடையில் காய்ந்த புல்லில் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் மேயும் ஆட்டுக்குட்டிக்கு எடை ஏறாது. அப்போது கைகொடுப்பது மரத்தழைதான். சூபாபுல் என்கிற சவுண்டல் தழையின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. கூடவே மிமோசின் என்ற நச்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதையே அதிகம் தின்ற கால்நடைகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை. ஹவாய் தீவு ஆடுகளோ அதே தழையைத் தின்று செழிப்பாக இருந்தன!

ஏன் என்று தேடினார் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ். ஹவாய் ஆட்டின் முதல் வயிற்றில் அந்த நச்சைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. 1980-களில் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ச் செலுத்த, அங்குள்ள கால்நடைகளும் தேறின. 1992-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். எத்தனை பொருத்தமான மரியாதை!

நம் ஊரில் சவுண்டல் போடுகிறவர்கள், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சீக்கிரம் எடை ஏறட்டும் என்று தானியத்தையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். வெள்ளாட்டில் மிகுதிக் கொழுப்பு கறிக்குள் அவ்வளவாகச் சேராது; குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் படியும்.