மருந்து ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கிற தம்பிகளே, அவங்க வீட்டுப் பெரியவங்களே! சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான் முதலில் ஞாபகம் வரும். நான் பேச வந்தது புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்தைப் பற்றி, அதாவது கீமோ.

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ அழிக்கிறது. விந்தணுவை உண்டாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான். அதனால் அவையும் அடிபடும். சிலருக்கு ஓரிரு வருஷத்தில் பழைய நிலை திரும்பும், சிலருக்குத் திரும்பாமலே போகும். எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது அது. அடிவயிற்றிலோ விரையிலோ கதிர்வீச்சு கொடுத்தாலும் இந்தப் பாதிப்பு வரலாம்.

ஆகவே முதல் டோஸுக்கு முன்னாடியே கேளுங்க: "டாக்டர், விந்தணுவைச் சேமிச்சு வைக்க நேரம் இருக்கா?"

கேட்க மாட்டேங்கிறோம். பக்கத்துல அம்மா நிப்பாங்க, கல்யாணமும் ஆகியிருக்காது. "உயிர் பிழைச்சாப் போதும்"னு வீட்டில் சொல்வதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இளவயதில் வரும் விரைப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்போமா போன்றவற்றில் பெரும்பாலானோர் பிழைத்து விடுகிறார்கள். பெண் பார்க்கப் போகும்போதுதான் இந்தக் கேள்வி நெஞ்சில் குத்தும். அம்மாவை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிட்டுக் கேளுங்க, தப்பே இல்லை.

இதற்குப் பொதுவாக ஆபரேஷன் எதுவும் தேவையில்லை. தனி அறையில் மாதிரி கொடுக்கணும். முடிந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இன்னொன்று. ரத்தப் பரிசோதனை உண்டு. பிறகு மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மனம் விட வேண்டாம். 'இக்ஸி' முறையில் ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணு போதும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், 17 வயதில் சிகிச்சைக்கு முன் ஒருவர் சேமித்த விந்தணுவால் 21 ஆண்டுகள் கழித்துக் குழந்தை கிடைத்தது.

ரத்தப் புற்றுநோய் சிலவற்றில் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. அப்போது டாக்டர் சொல்வதே முடிவு.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ நோய் உறுதியானால், அங்கேயே பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பதிவான வங்கிதானா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போடுங்க.

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. டெல்லியில் 2020-ல் கீமோவுக்கு முன் சேமித்த, கல்யாணமாகாத இளைஞர் இறந்துபோனார். அந்த விந்தணுவைக் கேட்டுப் பெற்றோர் நீதிமன்றம் ஏறினார்கள். 2024 அக்டோபரில்தான் உயர் நீதிமன்றம் தரச் சொன்னது. உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்க. வருஷக் கட்டணம் எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன ஆகும் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். ரசீதைக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வையுங்க. போன் நம்பர் மாத்தினா வங்கிக்குச் சொல்லிடுங்க.