பெரியவர்களுக்கும் வித்தியாதானம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் ஒருநாள் என்னருகே வந்து, "சார், எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருவீங்களா? என் மகனுக்குத் தெரிய வேணாம்" என்றார். வயது 45. தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாழ்ந்த குரல் என் மனத்தை உறுத்தியது. படிக்க விரும்புவது வெட்கப்பட வேண்டிய காரியமா?

சிங்கப்பூரில் 1983இல் தொடங்கிய 'பெஸ்ட்' திட்டத்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் ஆங்கிலமும் கணிதமும் கற்றார்கள். இன்று தொழில்நுட்பக் கல்விக் கழகம் வேலை பார்ப்போருக்குப் பகுதிநேர வகுப்புகள் நடத்துகிறது. பொது நூலகங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றி உறுப்பினராகலாம். பழைய தேர்வுத்தாள்களின் தொகுப்புகள் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன.

வழிகள் உண்டு. ஆனால், தவறாகப் போட்ட கணக்கைச் சிரிக்காமல் திருத்தித் தர ஓர் ஆள் வேண்டுமே! அது கடையில் கிடைக்காது.

அந்த அம்மையாருக்கு வியாழன்தோறும் மாலைப் பூசைக்குப் பிறகு, அலுவலக மேசையில் பாடம் நடந்தது. அரிசி அளக்கும் குவளையைக் காட்டித்தான் அரை, கால் என்று தொடங்கினோம். ஆறாவது மாதம் மகனே அவரை அழைத்துவந்து விட்டான்.

நம் மேல்மாடி அறை வாரநாள் மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவிட நிர்வாகக் குழுவையும், வாரம் 1 மணி நேரம் தர ஓய்வுபெற்ற அன்பர்களையும், மேசை நாற்காலி தர நன்கொடையாளர்களையும் வேண்டுகிறேன். அன்னதானம் நடக்கும் இடத்தில் வித்தியாதானமும் நடக்கட்டும். இறைவன் அருள் புரிவானாக!